ஊசி அளவு குறைகிறது என்றால் கணையம் சரியாகிவிட்டதா?

கேள்வி 9 வயதுப் பெண் குழந்தையின் அம்மாவிடமிருந்து. மூன்று மாதங்களுக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரியவந்திருக்கிறது. குழந்தையின் எடை 24 கிலோ. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நாளுக்கு 22 யூனிட் இன்சுலின். இப்போது 7 யூனிட் போதுமாக இருக்கிறது. அதற்கே சில நாள் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி லோ ஆகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.9. கணையத்தின் சொந்தச் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைட், வெறும் வயிற்றில் எடுத்தது, 0.9 நானோகிராம், அதே நேரத்தில் சர்க்கரை 118. "கணையம் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா? ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா? ஊரில் ஒருவர் மருந்து கொடுத்து டைப் 1-ஐக் குணப்படுத்துகிறார் என்கிறார்கள். குறைந்தபட்சம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டா?"

உங்கள் மகளின் கணையம் இன்சுலின் சுரக்கிறது. ஆனாலும் நீங்களாக ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் தப்பு நடப்பது இந்த மூன்றாவது, நாலாவது மாதத்தில்தான்.

டைப் 1-இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிறது. நோய் தெரியவரும்போது 90 சதவீதச் செல்கள் போயிருக்கும் என்று பல காலம் பாடம் நடத்தினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தாது. இங்கிலாந்தில் எக்சிடர் ஆய்வாளர்கள், நோய் வந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துபோன குழந்தைகள், இளைஞர்களின் கணையத் திசுக்களை ஆராய்ந்தபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் தெரிந்தது. 7 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இன்சுலின் உள்ள செல் திட்டுகள் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தன. 13 வயதிலோ அதற்கு மேலோ வந்தவர்களிடம் ஏறக்குறைய 40 சதவீதத் திட்டுகளில் இன்சுலின் இன்னும் இருந்தது. உங்கள் மகளின் வயது இரண்டுக்கும் நடுவில்.

மிஞ்சிய செல்களும் அந்தச் சமயத்தில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. வாரக்கணக்கில் சர்க்கரை 300, 400 என்று ஓடும்போது பீட்டா செல் அசந்துபோகிறது. போதாததற்கு, உடம்பும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கியதும் அசந்த செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது, உடம்பும் இன்சுலினுக்கு மறுபடி இணங்குகிறது. 22 யூனிட் 7 ஆனது இப்படித்தான். அழிந்த செல்கள் திரும்பி வந்ததாக இதற்குப் பொருளில்லை. இருந்தவை எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் டாக்டர் இதை ஹனிமூன் பீரியட் என்று சொல்லியிருப்பார். டைப் 1 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, கொஞ்சம் கூடவோ குறையவோ, இது வருகிறது. 5 வயதுக்குள் நோய் வந்தவர்களுக்கும், முதலிலேயே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) ஏறி ஐசியு வரை போனவர்களுக்கும் வாய்ப்புக் குறைவு, வந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இது உண்மையிலேயே ஹனிமூன்தானா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மோர்டென்சனும் அவரது குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. நாள் முழுவதும் போடும் இன்சுலினைக் குழந்தையின் எடையால் வகுத்து, 4-ஆல் பெருக்கி, ஹெச்பிஏ1சி எண்ணோடு கூட்ட வேண்டும். 9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கணையம் கணிசமாக உதவுகிறது என்று அர்த்தம். உங்கள் கணக்கு: 7-ஐ 24-ஆல் வகுத்தால் 0.29. நான்கு மடங்கு 1.17. அதோடு 6.9 சேர்த்தால் சுமார் 8.1. ஆக, ஹனிமூன்தான். ஹெச்பிஏ1சி கையில் இருந்தால் இதற்கென்று தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஆய்வகத்துக்குக் காசும் கட்ட வேண்டியதில்லை.

சரி, அந்த சி-பெப்டைட் ரிப்போர்ட்டுக்கு வருவோம். பீட்டா செல் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான சங்கிலியைச் செய்து, அதை வெட்டி, ஒரு இன்சுலினும் ஒரு சி-பெப்டைட்டுமாக ரத்தத்தில் விடுகிறது. சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் 1967-இல் புரோஇன்சுலினைக் கண்டறிந்ததிலிருந்து இது தெரியும். பாட்டிலில் வரும் இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. அதனால் ரத்தத்தில் சி-பெப்டைட் இருந்தால் அது குழந்தையின் சொந்தச் சரக்கு. இன்சுலினையே அளந்தால் ஊசியில் போனதும் கலந்து வரும், குழப்பம்தான் மிஞ்சும். மேலும் கணையம் விடும் இன்சுலினில் பாதியளவைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. சி-பெப்டைட்டை அது தொடுவதில்லை. இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும், சி-பெப்டைட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால் அளப்பதும் சுலபம்.

நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் நானோகிராம் கணக்கில் தருகின்றன, ஆராய்ச்சிக் கட்டுரைகள் நானோமோல் கணக்கில் பேசுகின்றன. நானோகிராம் எண்ணை 3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட நானோமோல். உங்கள் 0.9 என்பது 0.3 நானோமோல். 0.2-க்குக் கீழே போனால், அதாவது 0.6 நானோகிராமுக்குக் கீழே, இன்சுலின் மிகவும் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எல்லை உண்மையில் சாப்பிட்ட பிறகோ தூண்டிவிட்டோ எடுக்கும் அளவுக்கு உரியது. வெறும் வயிற்று எண் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் வெறும் வயிற்றிலேயே 0.3 என்பது மூன்று மாதக் குழந்தைக்கு நல்ல எண். மூன்று மாதம் என்று நான் சொல்வது நோயின் வயதை.

ரிப்போர்ட்டில் 'லோ' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும், பயப்படாதீர்கள். அது சர்க்கரை இல்லாதவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் போடுவது. அதே நேரத்தில் சர்க்கரையும் எடுத்திருக்கிறீர்கள், அது ரொம்ப நல்லது. சர்க்கரை 60, 70 என்று இருக்கும்போது ரத்தம் எடுத்தால் நல்ல கணையம்கூடச் சுரப்பை நிறுத்தியிருக்கும்; அந்த எண்ணைப் பார்த்து அழுவதில் பயனில்லை. சிறுநீரகம் கெட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சில இயந்திரங்கள் தப்பாகக் காட்டும். ஆராய்ச்சிகளில் இத்தனை சிக்கலையும் தவிர்க்க, குழந்தைக்கு அளந்து ஒரு சத்துப் பானம் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இடைவெளி விட்டுப் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் குழந்தைக்கு அது தேவையில்லை.

உண்மையைச் சொன்னால், டைப் 1 என்று உறுதியான குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி-பெப்டைட் எடுத்து எந்த லாபமும் இல்லை. எண் ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் போடப்போகும் ஊசி, மீட்டர் காட்டும் சர்க்கரையைப் பொறுத்ததுதான். அந்தக் காசுக்குக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்கள்.

அந்தப் பரிசோதனை நிஜமாகவே பயன்படுவது, இது டைப் 1-தானா என்ற சந்தேகம் வரும் இடத்தில். நோய் வந்து மூன்று ஆண்டு கழிந்தும் சாப்பிட்ட பிறகு சி-பெப்டைட் 0.6 நானோமோலுக்கு மேல், அதாவது 1.8 நானோகிராமுக்கு மேல் நிற்கிறது என்றால் யோசிக்க வேண்டும். பருமனான பிள்ளைகளுக்கு டைப் 2 இருக்கலாம். அப்பா, தாத்தா என்று தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே சர்க்கரை வந்த குடும்பத்தில் மோடி எனப்படும் மரபணு வகை இருக்கலாம். தென்னிந்தியாவில் இன்னொன்றும் உண்டு: கணையத்தில் கல் உண்டாகி, அடிக்கடி வயிற்று வலி வந்து, பிறகு சர்க்கரையில் முடிவது. அவர்களுக்கு இன்சுலின் ஓரளவு மிஞ்சியிருக்கும், கீட்டோன் அவ்வளவாக ஏறாது. வயிற்று ஸ்கேனில் கல் தெரியும். ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த கைக்குழந்தை என்றால் சி-பெப்டைட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது, நேராக மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா செல்லின் பொட்டாசியம் வாசலில்தான் கோளாறு. இன்சுலின் உள்ளே இருந்தும் வெளியே வர முடியாமல் இருக்கும். கிளைபன்கிளமைட் மாத்திரை கொடுத்தால் பலர் ஊசியையே விட்டுவிடலாம். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் இந்த மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி கணையத்தைத் தாக்குவதைக் காட்டும் ஜிஏடி போன்ற ஆன்டிபாடி பரிசோதனை உங்கள் மகளுக்கு பாசிட்டிவ் என்றால் இந்தப் பத்தியை நீங்கள் மறந்துவிடலாம்.

இனி ஊசியை நிறுத்தும் விஷயம். எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. இன்று 7 யூனிட்டில் ஓடுகிற குழந்தைக்கு நாளை நல்ல காய்ச்சல் வந்தால், மிஞ்சிய கணையத்தால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. ஊசியும் இல்லை என்றால் ஒன்றிரண்டு நாளில் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று கீட்டோன் ஏறிவிடும். ஒரு சில குழந்தைகளுக்கு சில வாரம் இன்சுலினே தேவைப்படாத அளவுக்குக் குறைவது உண்டு. அப்போதும் பல டாக்டர்கள் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் லாங் ஆக்டிங் இன்சுலினில் ஒன்றிரண்டு யூனிட்டை விடாமல் வைத்திருப்பார்கள். அளவைக் குறைப்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் மருந்து கொடுப்பவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரிடம் குடும்பங்கள் எப்போது போகின்றன என்று பாருங்கள். நோய் தெரிந்து, அதிர்ச்சி அடங்கி, சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லி, ஒன்றிரண்டு மாதத்தில். ஹனிமூன் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஊசி அளவு இறங்கத்தான் போகிறது, பெயர் கஷாயத்துக்குப் போகும். ஆறாவது மாதமோ ஒரு வருடத்திலோ சர்க்கரை மறுபடி ஏறும்போது "பத்தியம் சரியாக இருக்கவில்லை" என்று பழி அம்மா மேல் விழும். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லவில்லை, அவரே நம்பக்கூடும். ஆனால் "ஊசியை நிறுத்தினால்தான் மருந்து வேலை செய்யும்" என்று யார் சொன்னாலும், எந்த மருத்துவமுறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு அன்றாடத் தலைவலி லோதான். 22 யூனிட் ஓடியபோது ஒரு யூனிட் கூடுதலாகப் போட்டால் சர்க்கரை 80 அளவுக்கு இறங்கியிருக்கும். 7 யூனிட்டில் ஓடும்போது அதே ஒரு யூனிட் 250 வரை இறக்கலாம். 1800-ஐ நாள் மொத்த யூனிட்டால் வகுத்து வரும் தோராயக் கணக்கு இது. அதனால் அரை யூனிட்டே இப்போது பெரிய விஷயம். அரை யூனிட் படிகளில் போடக்கூடிய பேனா கிடைக்கும், டாக்டரிடம் கேளுங்கள். பாட்டிலும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நம் நாட்டில் 40 யூனிட் பாட்டில், 100 யூனிட் பாட்டில் இரண்டும் விற்கின்றன. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 7 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பதினேழரை யூனிட். மாற்றிச் செய்தால் 3 யூனிட்கூட இருக்காது. மருந்துக் கடையில் வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டு "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல.

லோ ஆனால் பதறிப்போய்ச் சாக்லேட்டும் பாயசமுமாக ஊட்ட வேண்டாம். 24 கிலோ குழந்தைக்கு 7, 8 கிராம் குளுக்கோஸ் போதும், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இந்தக் காலத்தில் கணையமும் கூடவே உதவுவதால் லோக்கள் பொதுவாக லேசாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வந்தால் ஊசி அளவு இன்னும் அதிகம் என்று அர்த்தம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மிச்சம் இருக்கும் சுரப்புக்கு என்ன மதிப்பு? நிறைய. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வில், கொஞ்சமாவது சி-பெப்டைட் மிஞ்சியவர்களுக்குக் கண் பாதிப்பும் குறைவு, மயக்கம் போடும் அளவுக்கு லோ ஆவதும் குறைவு. தூண்டிய பிறகு 0.2 நானோமோல் என்ற எல்லைக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது அங்கிருந்துதான். பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் மையம், 50 ஆண்டுக்கு மேல் டைப் 1-உடன் வாழ்ந்தவர்களை அழைத்துப் பரிசோதித்தபோது அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் சிறிதளவு சி-பெப்டைட் இருந்தது. இறந்தபின் கணையத்தைத் தந்தவர்களிடமும் இன்சுலின் செல்களைக் கண்டார்கள். அந்தத் துளிச் சுரப்பை வைத்து ஊசியைக் குறைக்க முடியாதுதான். ஆனால் "கணையம் முழுசாகச் செத்துவிட்டது" என்று குழந்தையிடம் சொல்வது சரியான தகவல் இல்லை.

இந்தச் சுரப்பு குறையும் வேகம் முதல் ஆண்டுகளில் அதிகம். பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கில், முதல் 7 ஆண்டுகள் சி-பெப்டைட் ஆண்டுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, அதன் பிறகு ஒரு தாழ்ந்த மட்டத்தில் அப்படியே நின்றது. ஹனிமூன் சிலருக்குச் சில வாரம், பலருக்குச் சில மாதம், அபூர்வமாக இரண்டு ஆண்டு.

காப்பாற்ற வழி உண்டா என்று பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பேன். இப்போது கொஞ்சம் சொல்ல இருக்கிறது. டெப்லிசுமாப் என்ற மருந்தை நோய் முழுதாக வெளிப்படும் முன்னரே, ஆன்டிபாடி இருந்து சர்க்கரை லேசாகத் தடுமாறத் தொடங்கியவர்களுக்குக் கொடுத்தபோது நோய் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. புதிதாக நோய் வந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. ஒன்றரை ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 94.9 சதவீதம் பேருக்கு அந்த 0.2 எல்லைக்கு மேல் சி-பெப்டைட் இருந்தது, பெறாதவர்களில் 79.2 சதவீதம். ஆனால் ஹெச்பிஏ1சியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. செலவையும், நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றுவதையும் பார்த்தால், உங்கள் மகளுக்கு இப்போதே வேண்டும் என்று நான் துடிக்க மாட்டேன்.

எனக்கு அதைவிட ஆர்வமூட்டியது வெராபமில். ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் காலங்காலமாகக் கொடுத்துவரும் மலிவான மாத்திரை. அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 88 பேரிடம் ஒரு ஆண்டு சோதித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களின் சி-பெப்டைட் மற்றவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, ஈசிஜி பார்க்காமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஆய்வும் சின்னது. டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. கோலிமுமாப், பாரிசிட்டினிப் என்று மூட்டு வாதத்துக்கான மருந்துகளும் சோதனையில் பலன் காட்டியிருக்கின்றன. அவை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை, ஆராய்ச்சிக்கு வெளியே குழந்தைகளுக்கு இதற்காகக் கொடுக்கும் நிலை வரவில்லை.

சர்க்கரையை மிகக் கட்டுப்பாடாக வைத்தால் செல்கள் பிழைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். தானியங்கி இன்சுலின் பம்பை நோய் தெரிந்த உடனேயே மாட்டிப் பார்த்த இரண்டு ஆய்வுகள், ஒன்று பிரிட்டனில், ஒன்று அமெரிக்காவில், இதைச் சோதித்தன. சர்க்கரை நன்றாகவே கட்டுப்பட்டது. சி-பெப்டைட் குறையும் வேகத்தில் மாற்றமே இல்லை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க ஆயிரம் காரணம் உண்டு, வையுங்கள். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் குழந்தை இரண்டு ஜிலேபி சாப்பிட்டதால்தான் ஹனிமூன் முடிந்தது என்று உங்களையும் அவளையும் வதைத்துக்கொள்ள வேண்டாம்.

முடியும்போது சத்தமில்லாமல்தான் முடியும். காலைச் சர்க்கரை முதலில் 110 இருந்தது 140, 160 என்று நகரும். இட்லிக்குப் பிறகு முன்பு 150-இல் நின்றது 220 தாண்டும். லோக்கள் அரிதாகும். சளி காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆரம்பித்து, காய்ச்சல் போன பிறகும் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அப்போது அளவைக் கூட்டத் தயங்கக் கூடாது. ஹனிமூன் கழிந்த சிறுபிள்ளைக்கு கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை சாதாரணம். உங்கள் மகளுக்கு அது 17 முதல் 24 யூனிட். வயதுக்கு வரும் சமயத்தில் கிலோவுக்கு 1.2-க்கு மேலும் போகும், அது வளர்ச்சி ஹார்மோன்களின் வேலை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு வாரச் சர்க்கரைக் குறிப்பை எடுத்துப் போங்கள்; அரை யூனிட் பேனா, வீட்டில் கீட்டோன் பார்க்கும் பட்டை, காய்ச்சல் நாளில் எவ்வளவு ஊசி என்று எழுதிய ஒரு சீட்டு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.